பந்து தெரியுதா?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். ஒருநாள் தோல் வெட்டும் கத்தி வழுக்கி வலது மணிக்கட்டில் இறங்கி, நரம்பை அறுத்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறியது, விரல்களும் மடங்கின. "கை சரியாப் போச்சுன்னு அங்க சொல்லட்டும், உன் மிஷின் உனக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர். என் கணவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் பாதி நாள்தான் வேலை. அந்த மிஷின்தான் எங்கள் சோறு.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் சின்ன வயதுக்காரர். ஸ்பாஞ்சுப் பந்தை என் கையில் போட்டு, "தெரியுதாம்மா?" என்பார்.

"தெரியுது சார்."

பச்சைப் பந்து கண்ணெதிரே வருகிறது, தெரியாமல் என்ன? நான் என்ன குருடியா என்று எரிச்சல்கூட வரும். அவருக்கோ ஏக சந்தோஷம். உணர்ச்சி திரும்புகிறது என்றார், நாங்களும் நம்பினோம்.

பிறகு ஒருநாள் புதிதாக ஒரு பெட்டி வந்தது. என் உள்ளங்கையிலும் விரல்களிலும் செப்புத் தகடுகளை ஒட்டினார். பந்து தொட்டதும் ஒரு விளக்கு எரியும். விரல் மூடினால் இன்னொன்று. எறியும்போது பந்து கையை விட்டதும் அணைந்துவிடும்.

"இதுக்குப் பேரு சென்சார்மா."

"சினிமாவுல வெட்டுவாங்களே, அதா?" என்றேன். கூட வந்திருந்த கணவர் சிரித்துவிட்டார்.

எறிந்தேன், பிடித்தேன். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் என் கையைத் தலையணை மேல் விரித்து வைத்து, "கண்ண மூடிக்கோங்க. பந்து வந்ததும் புடிங்க" என்றார்.

மூடினேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"போடுங்க சார்."

கையை விரித்தபடியே காத்திருந்தேன்.

"இன்னா சார், போடுங்க."

"போட்டுட்டேன்மா."

கண்ணைத் திறந்தேன். விரித்த கையில் பந்து உட்கார்ந்திருந்தது. ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"இத்தினி நாளா தெரியுதுன்னீங்களே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சுதே சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கையோட மிஷின்ல உக்காரக் கூடாதும்மா. ஊசி எறங்கினாலும் உங்களுக்குத் தெரியாது" என்றார். அந்தப் பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அது பொய் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். இனி என்ன செய்வோம் என்று பயமாக இருந்தது. பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் கூச்ச சுபாவி. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் எதிரில் என்னைத் தொட்டதே கிடையாது.

மாதனூர் தாண்டியதும் முந்தானையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் வலது கை விரல்கள் அவர் கைக்குள் இருந்தன.

"எப்போ புடிச்சீங்க?" என்றேன்.

"வேலூர்லயே" என்றார்.