ஒப்புக்கொடுத்த பல்வலி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சூடான காப்பியை வாயில் வைத்தேன். மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லிலிருந்து சுரீரென்று ஒரு வலி கண்வரை ஏறியது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் அதே கதை. எங்கள் ஊர் உறுவையாற்றில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நூலைக் கடித்து அறுப்பது அந்தப் பக்கத்துப் பல்லால்தான். ஐம்பது வயதுக்குமேல் பல் தேயாமலா இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆனால் மருத்துவரிடம் போகாததற்குக் காரணம் அது இல்லை. என் மகள் ஸ்டெல்லா அப்போது இரண்டாம் முறையாக உண்டாகியிருந்தாள். முதல் கரு தங்கவில்லை. தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு ஒறுத்தல் வைத்துக்கொள்வோம். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். நான் எதையும் தேடிப் போகவில்லை. இந்தப் பல்வலியை என் மகள் வயிற்றுப் பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒரு மாத்திரை போடுவதுகூடக் கொடுத்த வாக்கை மீறுவதாகப் பட்டது.

வலி போகப்போகச் சும்மா இருக்கும்போதே துடித்தது. படுத்தால் இன்னும் அதிகம். சிலுவைப்பாதையில் முழங்காலிட்டு நான் அழுததைப் பார்த்தவர்கள் பெரிய பக்திக்காரி என்று நினைத்திருப்பார்கள். நான் அழுதது பல்லுக்காக.

குருத்து ஞாயிறு காலையில் எழுந்தபோது வலி இல்லை. பயந்து பயந்து சூடாகக் காப்பி குடித்தேன், பிறகு ஐஸ் தண்ணீர். ஒன்றுமே இல்லை. காணிக்கையை ஏற்றுக்கொண்டார் என்று குருத்தோலையைப் பிடித்தபடி கோயிலில் விம்மினேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது வைத்தியம் இல்லாமலே பல்வலி நின்றிருந்தால், தயவுசெய்து என்னைப்போல மகிழ்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. பல்வலியால் தவக்காலம் முழுக்கக் காத்திருந்த வாய். எலும்பை அந்தப் பக்கம் வைத்துக் கடித்ததும் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். இது பழைய வலி இல்லை. சூடும் குளிரும் எதுவும் செய்யவில்லை, ஆனால் கீழ்ப்பல் வந்து தொட்டாலே உயிர் போனது. அந்த ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிட நீண்டுவிட்டதுபோல் இருந்தது.

வலியைவிடப் பயம்தான் பெரிது. கொடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்படியென்றால் பிள்ளை?

தவளக்குப்பத்தில் இருக்கும் ஸ்டெல்லாவிடம் போனில் மூச்சு விடவில்லை. கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் அவளே வந்துவிட்டாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டாள். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாமா இது? என் புள்ள பொறக்க உன் பல்லு வலிக்கணும்னு யாரு கேட்டா? மொத புள்ள போனப்ப உனக்கு ஒரு வலியும் இல்லியே. அப்ப அது உன்னாலதான் போச்சின்றியா?"

செருப்பை எடுத்து என் காலருகே போட்டாள். ஆட்டோவில் வில்லியனூருக்குப் போனோம்.

பல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தார். எனக்குத் தெரியவே இல்லை. கருவியின் பிடியால் லேசாகத் தட்டினார். நாற்காலியைவிட்டு எழும்பினேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போய்விட்டது என்றார். செத்த பல் எப்படி வலிக்கும் என்று கேட்டேன்.

அவர் விளக்கியது இதுதான்: குருத்து ஞாயிறன்று நின்றது பல்கூழின் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்சதை) வலி. தேய்ந்த பல் வழியே கிருமிகள் புகுந்து கூழ் செத்ததால் அது நின்றது. கிருமிகள் அதோடு விடாமல் வேர் நுனி வழியாக வெளியே பரவி, வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய சதையில் அழற்சியை (புண்பட்டுச் சிவந்து வீங்குதல்) உண்டாக்கிவிட்டன. அந்தச் சதைக்குத் தனியாக நரம்பு உண்டு. அழற்சி வந்தால் அந்த நரம்பு முனைகள் புதிதாகக் கிளைவிடும், சின்னத் தொடுதலுக்கும் துடிக்கும்.

"உள்ள ஆளே இல்லம்மா. வாசல்ல நிக்கிறவங்கதான் கத்துறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, அந்த ஞாயிறும் இந்த ஈஸ்டரும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். யாரும் எதையும் ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஸ்டெல்லா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

ரூட் கெனால் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது) சில தவணைகளில் முடிந்தது. ஊசி போட்டபோது கடுத்தது, பிறகு மரத்தது. அடுத்தமுறை தட்டியபோது வெறும் தட்டலாக மட்டும் கேட்டது. மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் சுருங்கி எலும்பு நிரம்பத் தொடங்கியிருந்தது. இனி நூலுக்குக் கத்தரிக்கோல் என்று மருத்துவரின் உத்தரவு.

நரம்பு எடுத்த பல் மரக்கட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சோற்றில் சின்னக் கல் இருந்தாலும் சொல்லிவிடுகிறது. வேரைச் சுற்றிய அதே நரம்புகள்தான். என்னை அலறவைத்தவை, இப்போது அடங்கி வேலை பார்க்கின்றன. முன்பு எங்காவது வலித்தால், இன்னும் எத்தனை நாள் தாங்கலாம் என்று எண்ணுவேன். இப்போதெல்லாம், அது எப்போது தொடங்கியது என்று யோசிக்கிறேன்.

ஸ்டெல்லாவுக்கு மகன் பிறந்தான். அவனுக்கு இப்போது ஈறு தடித்துப் பல் வரப்போகிறது. நேற்று என் விரலைப் பிடித்துக் கடித்துவிட்டு வீரிட்டு அழுதான். பழக்கதோஷத்தில் ஆண்டவரே என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவன் வாயில் வைத்தேன்.