எடைக்கு எடை வெல்லம்

இங்கே மலேசியாவில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரமாக ஒரு நூலால் கட்டி, உறிஞ்சுகுழலைச் செருகிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவர் அதை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறார். வேலைக்குப் போன இடத்தில் ஏதாவது ஓர் ஆணியில் தொங்கவிட்டு, நினைத்தபோது ஒரு வாய் குடித்துக்கொள்கிறார். எழுபதுகளில் கப்பலை விட்டு இறங்கிய மறுநாள் காலை அப்பா என் கையில் அப்படி ஒரு பையைக் கொடுத்தார். சூடு தாங்காமல் கீழே போட்டேன்; பை உடையவில்லை, என் மானம்தான் போனது. இன்று ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஜன்னல் கம்பியில் ஒரு பை தொங்குகிறது. விரல்கள் எப்போதோ பழகிவிட்டன. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் உறவுக்காரர்கள் எழுதும்போதெல்லாம், "அங்கே போய் எப்படி நர்ஸானாய்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும், என்னைப் போலவே பெட்டி தூக்கி வந்த மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே இங்கே வந்துவிட்டவர். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் லாரி ஓட்டினார். மாட்டுப்பால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மரத்துப் பால். நான் ஊரில் பத்தாம் வகுப்பை முடித்த பிறகுதான் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். நர்ஸாக வேண்டும் என்ற ஆசை கப்பலில் வந்தது. கடல் ஒத்துக்கொள்ளாமல் சுருண்டு கிடந்த அம்மாவை, கப்பலில் இருந்த ஒரு நர்ஸம்மா அதட்டிக் கஞ்சி குடிக்க வைத்தார். எங்கள் அம்மாவை ஒருவர் அதட்ட முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வெள்ளை உடுப்புக்கு அவ்வளவு சக்தி இருக்குமானால் அது எனக்கும் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். ஊரில் நான் வாங்கிய மதிப்பெண் இங்கே செல்லவில்லை. இந்த நாட்டுத் தேர்வில் மலாய் மொழியிலும் பொது அறிவியலிலும் தேறினால்தான் தாதியர் பயிற்சிக்கு மனுவே போட முடியும் என்றார்கள். எங்கள் கையில் இருந்ததோ சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக இருக்கலாம், குடிமக்கள் இல்லை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு அரசாங்கப் பயிற்சிப் பள்ளிப் பக்கம் போக முடியாது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்திய பள்ளி மட்டும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரு வருஷம் படிக்க அப்பா சம்மதித்தார். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து ரப்பர் மரம் சீவிப் பால் இறக்கப் போக வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த விஷயம். மரம் சீவுவது கேவலம் என்று சொல்லவில்லை. விடியும் முன்பு எழுந்திருப்பது எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் மாலை வகுப்பு. அங்கேதான் லின் கிடைத்தாள். சீனக் காய்கறிக் கடைக்காரர் மகள். அறிவியலில் இரண்டு முறை தோற்றவள். மலாயை அவள் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள். அறிவியல் எனக்குத் தமிழில் தலைகீழ்ப் பாடம். ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருந்ததால் பண்டமாற்று செய்துகொண்டோம். இருதயம் எப்படி வேலை செய்கிறது என்று நான் படம் போட்டுக் காட்ட, அதன் பாகங்களுக்கு அவள் மலாய்ப் பெயர் சொல்வாள். சிறுநீரகத்துக்கு மலாயில் 'புவா பிங்காங்', அதாவது இடுப்புப் பழம் என்று தெரிந்த அன்று, இப்படிக் கனிவாகப் பெயர் வைக்கிற ஒரு மொழியோடு சண்டை போட முடியாது என்று தோன்றியது. அன்றிலிருந்து மலாய் எனக்கு வர ஆரம்பித்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஒருநாள் கண்டக்டர் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, மிக மரியாதையாக, "அடெக், தூருன் மானா?" என்றார்; தங்கச்சி, எங்கே இறங்கணும் என்று அர்த்தம். "தஞ்சோங் ரம்புத்தான்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு இரக்கம். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என்னைப் பார்த்துக்கொள்ளும்படி சைகை காட்டினார். அந்த ஊரில்தான் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதும், அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே இங்கே எல்லோரும் நெற்றிப்பொட்டில் விரலை வைப்பார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. லின்னிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டு விழுந்தாள்.

வகுப்பு தொடங்கிய நாளிலேயே அம்மா முருகனிடம் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிட்டார். எனக்கு இடம் கிடைக்கும்வரை நான் செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி எல்லாம் விரதம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நானும் இருந்தேன். விரதமில்லாத நாளில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாடு தப்பிவிடும். தேர்வு முடிவு வந்தது; லின்னும் நானும் தேறிவிட்டோம். அம்மா, "பாத்தியா, எல்லாம் விரதத்தோட பலன்" என்றார்.

நேர்முகத்துக்கு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, புதுச் சப்பாத்து. மேட்ரன் ஒரு சீன அம்மையார். இரவு வேலை செய்வாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் அழகாக ஆட்டினேன். "நோ?" என்றார். பதறிப்போய் இன்னும் வேகமாக ஆட்டினேன். "எஸ், மேட்ரன்" என்று வாய் சொல்ல, தலை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த அறைக்கு உடல் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கே நின்றது எடைபார்க்கும் இயந்திரம். ஏறினேன். மலாய் நர்ஸ் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். நோயாளியைத் தூக்க வேண்டிய வேலைக்கு இந்த எடை போதாது. என்ன உடம்புக்கு என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, 'புவாசா' என்றேன். விரதத்துக்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அதுதான்.

"புவாசா? இப்பவா?" அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். நோன்பு மாதம் வருவதற்கு நிறைய நாள் இருந்தது. நான் இது எங்கள் சொந்த புவாசா, அம்மா சொன்னது, இடம் கிடைப்பதற்காக, என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததும் மேட்ரனைக் கூப்பிட்டார். இருவரும் என்னவோ பேசினார்கள். கடைசியில் மேட்ரன் சொன்னது ஒன்றுதான்: ஒரு மாதம் தருகிறேன், முள் இந்தக் கோட்டைத் தொடும் எடையோடு வா, இல்லையென்றால் உன் இடம் அடுத்த பெண்ணுக்கு. வெளியே வந்து, தன் நேர்முகத்தை முடித்துவிட்டுக் காத்திருந்த லின் தோளில் சாய்ந்து அழுதேன். பாடத்தில் தேறி, மொழியில் தேறி, பட்டினியில் கோட்டைவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், பேச்சில் இந்த நாட்டு 'லா' ஒட்டிக்கொண்டிருந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "எடம் கிடைக்கணும்னு வெரதம் இருந்து, அந்த வெரதத்தாலேயே எடம் போவுது. இது என்னா கதை லா? நாளையிலேர்ந்து நல்லா சாப்புடச் சொல்லு."

"எப்படிங்க? எடம் கெடைக்கிற வரைக்கும்னு சாமிகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. நடுவுல விட்டா சும்மா இருப்பாரா?"

"அப்போ மரம் சீவட்டும். மொதல்ல அந்தக் கத்தியைத் தூக்க தெம்பு இருக்கான்னு கேளு லா."

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து வெகுநேரம் இருந்தார். எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவர் கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முதலாவது, விரதம் விடப்படவில்லை, கைமாறியது. என் பங்கை இனி அப்பா இருப்பார். இரண்டாவது, எனக்கு இடம் கிடைத்தால் ஊர்க் கோயிலில் துலாபாரம், எடைக்கு எடை வெல்லம்.

"இனிமே இவ எடை ஏற ஏற முருகனுக்குத்தானே லாபம்? அவரே பாத்து ஏத்திவுடுவாரு" என்றார் அம்மா.

அப்பா விரதத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டார். பாவம், சோற்றுப் பிரியர். வெள்ளிக்கிழமைகளில் லாரியில் தேநீர்ப் பை மட்டும் தொங்கும். தேநீர் சாப்பாட்டில் சேராது என்பது அவர் தீர்ப்பு. இங்கே எனக்கோ ராஜ உபசாரம். அம்மா நெய்ச்சோறு போட்டார். லின் வீட்டில் பொரித்த மீனும் சோயாப் பாலும் தந்தார்கள். எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக், அதாவது அத்தை, சங்கதி தெரிந்ததும் தினமும் தேங்காய்ப்பால் சோறு கட்டிக் கொடுத்துவிட்டார். யார் வீட்டு வாசலைக் கடந்தாலும் யாராவது கையில் ஒரு தட்டோடு நின்றார்கள். ஒரு தோட்டமே சேர்ந்து என்னை ஊட்டி வளர்த்தது என்பது மிகையில்லை.

மறுபடி எடை பார்க்கப் போன அன்று லின் பஸ் நிலையத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு காத்திருந்தாள். "மாக்கான், சேவி, மாக்கான்!" மாக்கான் என்றால் சாப்பிடு; செல்வி என்ற என் பெயர் அவள் வாயில் சேவிதான். நடந்துகொண்டே தின்றேன். தண்ணீரும் வயிறு முட்டக் குடித்தேன். இயந்திரத்தில் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முள் ஆடியது, தயங்கியது, கோட்டைத் தொட்டு நின்றது. மலாய் நர்ஸ், "அல்ஹம்துலில்லா" என்றார். நான் "முருகா" என்றேன். லின் கதவுக்கு வெளியே கத்தியது கான்டனீஸில். அர்த்தம் எனக்கு இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

பயிற்சி, பரீட்சை, முதல் இரவு வேலை என்று காலம் ஓடிவிட்டது. தோட்டம் கைமாறி, நாங்கள் சுண்ணாம்பு மலையடியில் இந்த வரிசை வீட்டுக்கு வந்தோம். எண்பதுகளில்தான் ஊருக்குப் போய் அந்தக் கடனைத் தீர்க்க முடிந்தது. அம்மா பெட்டியில் உறவுக்காரர்களுக்கென்று குலா மலாக்கா வாங்கி அடுக்கினார். தென்னம் பாளையிலிருந்து இறக்கிக் காய்ச்சும் இந்த நாட்டு வெல்லம். ஊரில் இறங்கியதும் எல்லோரும் என்னை மலேசியாக்காரி என்றார்கள். இங்கே நான் இந்தியாவில் பிறந்த சிவப்பு அட்டைக்காரி. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். நான் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன்.

கோயிலில் தராசுத் தட்டில் என்னை உட்கார வைத்தார்கள். எதிர்த் தட்டில் சித்தப்பா வாங்கி வைத்திருந்த வெல்லம் முழுவதையும் அடுக்கியாயிற்று. என் தட்டு அசையவில்லை. அவர் கப்பலேறிய நாளில் பார்த்த ஒல்லிப் பெண்ணை மனத்தில் வைத்து வாங்கியிருந்தார். பயிற்சிப் பள்ளி விடுதிச் சாப்பாட்டை அவர் அறியார். "கொஞ்சம் கொறையறதே" என்றார் குருக்கள். கடைத்தெரு அடைத்திருந்தது. கூட்டம் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்த வேண்டுதல் தீராமல் அவர் அங்கிருந்து நகர மாட்டார் என்று எனக்குத் தெரியும். உறவுக்காரர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பையைத் திறந்து குலா மலாக்கா வட்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

"இது என்ன வெல்லம்? சாமிக்கு ஆகுமோ?" என்று குருக்கள் இழுத்தார்.

"அவளை வளத்தது இதுதான் சாமி. ஆகும்" என்றார் அம்மா. கண்ணில் நீர் முட்டியிருந்தது. எனக்கும்தான்.

இன்னொரு வட்டு. இன்னும் ஒன்று. எதிர்த் தட்டு மெல்ல இறங்கியது. என் தட்டு மேலே எழுந்தது. கால் விரல்களை நீட்டிப் பார்த்தேன், தரை எட்டவில்லை. எதிரே ஊர் வெல்லமும் ஈப்போ வெல்லமும் ஒன்றாக இருந்தன. நான் அங்கேயே, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, சரிசமமாக ஆடிக்கொண்டிருந்தேன்.