தங்கத் தகட்டுப் பேனாக்கள்

அப்போது மரக்காணம் கடைத்தெருவில் எனக்கு நகைக்கடை. உப்பளத்துப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரை அவருடைய அண்ணன் கூட்டி வந்தார். ஒல்லியான பெண், காதில், கழுத்தில் பொட்டுத் தங்கமில்லை. தங்கத் தகடு போர்த்திய பழைய மைப் பேனாக்களைப் புதுச்சேரியில் தேடித் தேடி வாங்குவாராம்.

அண்ணன் நான்கு பேனாக்களை என் முன்னால் வைத்தார். "உருக்கி கம்மலாவது பண்ணிடுங்க. பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி மூளியா நிக்குது."

நான் எடுக்கப் போனேன். டீச்சர் என் கையைத் தள்ளிவிட்டு, ஒரு பேனாவைத் திறந்து, பில் புத்தகத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

"கம்மல் இப்படி எழுதுமாண்ணா? இது என் சம்பளத்துல வாங்கினது. மூளின்னு சொல்றவன் வீட்டுக்கு நான் வாழப் போகல."

பேனாக்களை வாரிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். வியாபாரம் போனது எனக்குத்தான். ஆனாலும் அன்று முழுக்க ஏனோ சந்தோஷமாக இருந்தது.