ஒரு நாள் நோட்டீஸ் போதும்

பஞ்சாயத்து போர்டு கிளார்க் வேலை என்பது பிரசிடெண்ட் பேசியதை எழுதுகிற வேலை அல்ல. அவர் பேசியிருக்க வேண்டியதை எழுதுகிற வேலை. ஐம்பதுகளில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். இன்று கம்பெனி பஸ்கள் ஓடுகிற ரோட்டில் அன்று கேழ்வரகு காயப்போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது.

தலைமை நாற்காலியில் உட்காருகிறவருக்கு முன் அனுபவம் வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறார்கள். யாராவது ஒரு பிரசிடெண்டுக்குக் கீழே குப்பை கொட்டியவர்கள் இதைப் படித்தால் என் பதில் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலி சோடா

என் முதல் பிரசிடெண்ட் சேஷாசலம். ஜில்லா போர்டு மெம்பராக இருந்தவர். எந்த மனுவை எந்த ஆபீசில் எந்த மேஜைக்கு அனுப்பினால் அது திரும்பியே வராது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் யாரிடமும் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு சித்திரையில் ஊர்க் கிணறு வற்றிப்போய், பெண்கள் காலிக் குடங்களோடு போர்டு ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். சேஷாசலம் எழுந்து நின்று கும்பிட்டார். எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு கோலி சோடா வரவழைத்தார். கிணற்றை ஆழப்படுத்துவது பற்றி ஆராய்ந்து சொல்ல மூன்று பேர் கொண்ட உபகமிட்டி என்று அவர்கள் எதிரிலேயே என்னை எழுதச் சொன்னார். அந்த மூன்று பேரும் அதற்கு முன் நான்கு உபகமிட்டிகளில் இருந்தவர்கள். ஒன்றிலும் கூடியதில்லை. பெண்கள் சந்தோஷமாகத்தான் எழுந்தார்கள். வாசல்வரை போன ஒரு அம்மாள் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"தாகத்தோட வந்தோம், சோடா குட்த்து அனுப்பிட்டாரு. இந்தக் கொடம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

நடந்து போகும் கூட்டம்

போர்டு கூட்டம் என்றால் மெம்பர்கள் வரவேண்டும் அல்லவா? சேஷாசலம் காலத்தில் யாரும் வரமாட்டார்கள். நான் தீர்மானங்களை எழுதி வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் மினிட் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பியூன் எத்திராஜ் தூக்கிக்கொள்ள, மைப்பெட்டியோடு நான் பின்னால் போவேன். வீடு வீடாகக் கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'ஊட்டுத் தீர்மானம்'.

மெம்பர்களில் ஒருவர் மூன்று மாதமாக நெல்லூரில் மகள் வீட்டில் இருந்தார். புத்தகத்தின்படி அதே மூன்று மாதத்தில் அவர் சாக்கடையைப் பற்றி இரண்டு முறை பேசியிருந்தார். ஒரு முறை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். எதிர்த்தது சேஷாசலத்தின் கைவேலை. எல்லாவற்றையும் எல்லோரும் ஏகமனதாக ஒத்துக்கொண்டால் மேலே சந்தேகம் வரும் என்றார். அதுதான் அனுபவம். எத்திராஜுக்குப் பொறாமை தாங்கவில்லை.

"அவரு நெல்லூர்ல கீறாரு, அவரு பேச்சு இங்க டூட்டி பாக்குது. எனக்கும் இப்டி ஒரு வேலை போட்டுக் குடு அண்ணாத்தே."

முறமும் சட்டமும்

ஆபீஸ் பீரோவில் பஞ்சாயத்துச் சட்டப் புத்தகம் ஒன்று பக்கம் பிரிக்காமலே கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் மனைவி தனம் அரிசி புடைக்க, நான் உரக்கப் படிப்பேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கதை கேட்பது போல் கேட்பாள். ஒருதரம் கேட்டதை மறக்கமாட்டாள்.

சாதாரணக் கூட்டத்துக்கு மூன்று நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவசரக் கூட்டத்துக்கு ஒரு நாள் நோட்டீஸ் போதும் என்று படித்தபோது அவள் முறத்தை நிறுத்தினாள். அவசரமா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்று கேட்டாள். பிரசிடெண்ட்தான் என்றேன். அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"அப்போ நமக்கு அவசரம்னா ஆவாது. அவருக்கு அவசரம் வரணும்."

ஆணி நிறுத்த அனுபவம்

அடுத்த எலெக்ஷனில் சேஷாசலத்தை எதிர்த்து தாவூத் பாய் நின்றார். பழவேற்காட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் கயிறு, ஆணி, சாக்குக் கடை வைத்திருந்தவர். மேடை ஏறத் தெரியாது. ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தார்: ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஓடைக்குச் சிறுபாலம். மழைக்காலத்தில் அந்த ஓடை பெருகினால் ஆஸ்பத்திரியும் இல்லை, ரயிலும் இல்லை; இரண்டு மூன்று நாள் ஊர் தனியாகக் கிடக்கும்.

சேஷாசலம் மேடையில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு மனு எழுதத் தெரியாதவர் கையில் ஊரைக் கொடுப்பீர்களா, அனுபவம் என்ன கடையில் படி போட்டு வாங்குகிற சரக்கா என்றார். நியாயமான கேள்விதான். மறுநாள் கடையில் அதையே ஒருவர் பாயிடம் கேட்டுவிட்டார். பாய் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன பதில் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, ஓட்டுப் பெட்டியை நிரப்பியது.

"ஒரு அனுபவமும் இல்லீங்க. வருஷா வருஷம் அந்த ஓடையில சரக்க நனைச்சிக்கினு நிக்கிறேன், அது ஒண்ணுதான்."

நான் கேட்டா மட்டும்

ஜெயித்த மறுநாள் பாய் மினிட் புத்தகத்தைக் கேட்டார். காலையிலிருந்து மத்தியானம்வரை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நெல்லூர்க்காரர் எதிர்த்து ஓட்டுப் போட்ட பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புத்தகத்தை மூடிவிட்டு அவர் கடைசியில் சொன்னது முழுக்க நியாயம். அதனால்தான் அது எனக்கு உறுத்தியது. சரி, அப்படியே இருந்துவிடுவோம் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். என்னைப் போன்ற வாயில்லாதவர்களின் வன்மம் இப்படித்தான் இருக்கும். சொன்ன பேச்சை அப்படியே கேட்பார்கள்.

"கிளார்க் சார், நீங்க நல்லா எழுதறீங்க, அதான் பயமா கீது. இனிமே நான் சொல்றத மட்டும் எழுதுங்க. நான் கேட்டா மட்டும் சொல்லுங்க."

மூன்று பேர்

அந்த வருஷம் ஆவணியில் மேலிருந்து கடிதம் வந்தது. பாலத்துக்கு எங்கள் ஊர் பெயர் எடுத்திருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் உடலுழைப்பு தருவார்கள் என்று போர்டு தீர்மானம் போட்டு, சனிக்கிழமைக்குள் பொன்னேரியில் சேர்க்க வேண்டும். தவறினால் வேறு ஊருக்குப் போய்விடும். புதன்கிழமை கூட்டம். ஒன்பது மெம்பர்களில் ஐந்து பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். வந்தது பாயோடு சேர்த்து மூன்று பேர். நான்கு பேர் சேஷாசலத்தின் ஆட்கள், வேண்டுமென்றே வரவில்லை. மற்ற இருவர் சூளூர்ப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், மறுநாள் திரும்பிவிடுவார்கள்.

புத்தகத்தைத் துணியில் சுற்றட்டுமா என்று எத்திராஜ் கேட்டான். வராதவரை வந்ததாக எழுதினால் தனக்கும் சேஷாசலத்துக்கும் என்ன வித்தியாசம் என்றார் பாய். மறு கூட்டம் போட மூன்று நாள் நோட்டீஸ் வேண்டுமாமே, சனிக்கிழமை தாண்டிவிடுமே என்று எத்திராஜைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரிந்த விதி அவ்வளவுதான். வியாழக்கிழமை நோட்டீஸ், வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம், சனிக்கிழமை காலை ரயிலில் பொன்னேரி. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. என் பக்கம் அவர் திரும்புவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. 'போதிய அங்கத்தினர் வராமையால் கூட்டம் கலைந்தது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வெளியே வந்ததும் எத்திராஜ் என் முகத்தையே பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, நீ ஒண்ணுமே பேசலியே?"

ஓடை

பாலம் வேறு ஊருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் தனத்துக்கு வலதுபக்க அடிவயிற்றில் வலி வந்தது. சுக்குக் கஷாயம் கொடுத்தோம். இரண்டாம் நாள் காலையில் அவளால் காலை நீட்ட முடியவில்லை. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தோம். கழுத்தளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. பாய் கடையிலிருந்து புதுக் கயிறு கொண்டுவந்து, ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை எத்திராஜிடம் கொடுத்து இறங்கினார். அக்கரையில் கயிற்றைக் கட்டிவிட்டால் கட்டிலைக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தார். மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது; நாங்கள் இழுத்து வந்தோம். பிறகு சேற்றில் உட்கார்ந்துகொண்டு, அந்த மூணு நாள் நோட்டீஸ் மட்டும் இல்லாமல் இருந்தால் என்று எத்திராஜிடம் புலம்பினார். கட்டிலில் படுத்திருந்த தனத்தின் காதில் அது விழுந்தது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் இறங்கியது. அதற்குள் அக்கரைக்குப் போகவேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் தனியாக வாழ்ந்துவிட்டேன். இந்தக் காலம் முழுக்க நான் காதில் வைத்திருப்பது, அன்று பனைமரத்தடியில், நனைந்த சாக்குக்குக் கீழேயிருந்து அவள் கேட்டதுதான். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"ஒரு நாள் நோட்டீஸ் போதும்னு படிச்சீங்களே. அவராண்ட சொல்லலியா?"

துக்கம் விசாரிக்க வந்தவர்

பத்தாம் நாள் பாய் வீட்டுக்கு வந்தார். பாலம் தன் காலத்தில் தவறிப்போனது, தனக்கு விவரம் போதவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். புதன்கிழமை அன்றே எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை மூடி, தனத்தின் முறம் சாய்ந்திருந்த சுவரோரம் வைத்தார். செருப்பு மாட்டும்போதுதான் பேசினார். 'கிளார்க் சார்' என்று கூப்பிடவில்லை.

"நான் கேக்கல, அண்ணே. நான் கேட்டிருக்கணும்."

மேடையில் என் மனைவி

அதற்கடுத்த எலெக்ஷனில் சேஷாசலம் மறுபடி நின்றார். மைக் வைத்துப் பேசினார். அனுபவம் இல்லாதவரை நாற்காலியில் உட்காரவைத்தீர்கள், அதற்கு விலையாக ஒரு ஏழைக் கிளார்க் தன் சம்சாரத்தைக் கொடுத்தார் என்றார். தனத்தின் பெயரைச் சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்று வராமல் போன நான்கு பேரும் மேடையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல நான் எழுந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை, நான் எழுந்திருக்கவில்லை. அவர் ஜெயித்தார்.

ஒரே வருஷத்தில் பாலம் வந்தது. எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? அவர் பெயர் பொறித்த கல்லை நட்டார்கள். திறப்பு விழாவில் என் தோளில் கைபோட்டு, எனக்காகத்தான் இதைக் கட்டியதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த பாய் பாலத்தில் கால் வைக்காமலே கடைக்குத் திரும்பிவிட்டார். எல்லோரும் போனபிறகு எத்திராஜ் கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அன்று ஓடைக்கரையில் இருந்தவன், அவனுக்கும் எல்லாம் தெரியும்.

"நடந்து பாரு அண்ணாத்தே. நல்லாத்தான் கட்டிக்கீறாரு."

பிரசிடெண்டுக்கு முன் அனுபவம் வேண்டுமா என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், அவருக்கு அது இருக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பவனுக்குக் கேட்காமலே வாய் திறந்த அனுபவம் ஒருதரமாவது உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.