பிரேக்கை விட்டால் ஊர வேண்டும்

வண்டிக்கு முன்னால் யார் போய் நின்றாலும் நான் கத்துவேன். சாவி போடாத வண்டியாக இருந்தாலும் கத்துவேன். "நின்னுகிட்டு இருக்கிற வண்டிதானேப்பா, கடிச்சிடுமா?" என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். காரணத்தை வாயால் சொல்ல இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் பாதியில் எழுந்து போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள், சின்னவனிடம் காட்டிச் சிரிக்காதே.

தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். பட்டறைதான், ஆனால் அங்கே கார் நிற்காது. ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர் பெட்டி மட்டும் வரும், மினி லாரியில் சாக்கு போட்டுக் கட்டி. நாங்கள் பிரித்துச் சரிசெய்து திருப்பி அனுப்புவோம். பெரும்பாலும் வண்டியையும் பார்க்க மாட்டோம், அதை ஓட்டுகிற ஆளையும் பார்க்க மாட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதன் பெயர் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே என்ன இருக்கிறது என்று சின்னவன் கேட்டான். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பார். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். அதேதான். கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் ஒரு ஃபேனைச் சுற்ற வைக்கும், எண்ணெய் தள்ளி அடுத்த ஃபேன் சுற்றும், அது சக்கரத்தைச் சுற்ற வைக்கும்.

சாதாரண வண்டியில் இது இறுக்கமாகப் பிடிக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மெதுவாக ஊரும். ரேஸ் வண்டிக்கு இதைத் தளர்வாக வைப்பார்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றி வேகம் பிடித்த பிறகுதான் எண்ணெய் சக்கரத்தைத் தள்ளும். தள்ளினால் ஒரே தள்ளாகத் தள்ளும், வண்டி பாயும். எத்தனை சுற்றில் அந்தத் தள்ளு வர வேண்டும் என்று பார்த்து வாங்குவதுதான் கன்வெர்ட்டர் தேர்ந்தெடுக்கிற வேலை. எங்கள் பட்டறையில் அந்த வேலை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உண்டு என்று இப்போது எழுதுகிறேன், அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வருடம் ஒரு பாய் வந்தார். முல்லா வீதிப் பக்கம் அத்தர் கடை வைத்திருப்பவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டிலிருந்து பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் வைத்து ரேஸுக்குத் தயார் செய்வதாகச் சொன்னார். பெட்டியை இறக்கியதும் பட்டறை முழுக்க மல்லிகை அத்தர் வாசம்.

"அண்ணே, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க கேளுங்க, நான் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

எங்களிடம் ஐந்து கேள்விகள் உண்டு. அச்சடித்த தாளே இருக்கிறது. வண்டி எடை எவ்வளவு, இன்ஜின் எது, அதில் என்ன மாற்றியிருக்கிறீர்கள், பின்பக்கப் பல்சக்கரம் என்ன கணக்கு, டயர் என்ன சைஸ். பாய் போனைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னார். ஒரு பதில்கூடத் தடுமாறவில்லை. வீட்டு ஷெட்டில் நல்ல மெக்கானிக் யாரோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவர், "இன்னொண்ணு எழுதச் சொல்றாங்க. பிரேக்க விட்டா வண்டி தானா மெதுவா ஊரணுமாம்" என்றார்.

"யாரு சொல்றது?"

"வீட்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாய், ரேஸ் வண்டியப் போயி ஊரச் சொல்றாங்களா? இது இன்னா கோயில் தேரா?"

அவரும் கூடச் சிரித்தார். அவர் சொல்லச் சொல்லத் தாளின் அடியில் கையால் எழுதியிருந்த அந்த ஆறாவது வரியை நான் அவர் கண் முன்னாலேயே ஒரு கோடு போட்டு அடித்தேன். புருஷன் ரேஸ் ஓட்டுகிறானே என்று பயந்துபோய் வீட்டில் ஏதோ சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். பட்டியலில் மூன்று கன்வெர்ட்டர்கள் பொருந்தின. இருந்ததிலேயே தளர்வானதைத் தேர்ந்தெடுத்தேன். மூவாயிரத்து ஐந்நூறு சுற்றில் பிடிப்பது. அது வந்ததும் பெட்டியில் பொருத்தி அனுப்பினோம். அவர்கள் ஆளே ஷெட்டில் மாட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பட்டறை முன்னால் இறக்கினார்கள். முதல் சோதனையை நான்தான் பார்க்க வேண்டும் என்று பாய் கேட்டிருந்தார். எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க லீவு, ஒரு மெஷின் சத்தம்கூட இல்லை. வாசலில் லேசான ஏற்றம், அதற்கு மேல் ஷட்டர். நான் ஷட்டருக்கும் காருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். எண்ணெய் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று குனிந்து பார்க்க அதுதான் வசதி. எப்போதாவது சோதனைக்கு ஒரு வண்டி வந்தால் நான் அப்படித்தான் நிற்பது வழக்கம்.

"பாய், ஏறி உக்காருங்க" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "நானா? எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராதுண்ணே."

வெயிலில் பளபளத்த முன் கண்ணாடியில் உள்ளே யாரும் தெரியவில்லை. பக்கக் கண்ணாடி இறங்கியது, கிட்டே போனேன். ஓட்டுகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, அதன் மேல் ஹெல்மெட். பாயுடைய வீட்டம்மா. போனில் ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னது அவர்தான் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சத்தமாக உத்தரவு போட்டேன். "எடது காலால பிரேக்க நல்லா மிதிச்சுக்கோங்கம்மா. அப்படியே வலது காலால ஆக்சிலேட்டர முழுசா…"

"எந்த வலது காலால?"

அவர் கையை மடக்கித் தன் வலது முழங்காலுக்குக் கீழே தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. பக்கெட்டைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம்.

பிள்ளைகளே, அப்போதுதான் நான் எட்டி உள்ளே பார்த்தேன். பிரேக்குக்கு வலது பக்கத்தில் ஆக்சிலேட்டரே இல்லை. அதை இடது பக்கம் மாற்றி வைத்திருந்தார்கள். இரண்டு மிதியும் ஒரே காலுக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் போகும்போது பஸ் உரசி, கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாராம். அதற்கு முன்னால் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

"நீங்க சொல்லவே இல்லியே பாய்!"

"யாரு ஓட்டுறதுன்னு நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

அவர் சொன்னது உண்மை. எங்கள் தாளில் டயர் சைஸுக்கு இடம் இருந்தது, ஓட்டுகிறவருக்கு இடமில்லை. அப்போதாவது நான் பக்கவாட்டிலேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மலைத்துப்போய், பழக்கத்தில் காருக்கு முன்னால் பழைய இடத்துக்கே போய் நின்றேன்.

மெதுவாகத்தான் ஊரும் என்ற நம்பிக்கையில் அந்தம்மா கியரைப் போட்டு பிரேக்கை விட்டார். வண்டி அசையவில்லை. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டார். சத்தம் ஏறியது, சக்கரம் சுற்றவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். அவ்வளவுதான், கார் எழும்பி என் மேல் வந்தது.

இரண்டு கால் உள்ளவர் இந்த மாதிரித் தளர்வான வண்டியை நகர்த்தும்போது ஒரு காலைப் பிரேக்கிலேயே வைத்திருப்பார். பாய்ச்சலை அதுதான் அடக்கும். ஒற்றைக் காலால் ஓட்டுகிறவர் ஒரு மிதியை விட்டுத்தான் இன்னொன்றுக்கு வர வேண்டும். அந்த நடு நேரத்தில் வண்டி யார் பிடியிலும் இல்லை. என் முதுகு ஷட்டரில் மோதியது. தகரம் முழுக்க அதிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது பம்பருக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

அந்தம்மா எப்படியோ பிரேக்கைப் பிடித்திருந்தார், இன்ஜினை அணைத்தார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"முன்னாடி நிக்கச் சொன்னது யாரு? புள்ள குட்டி இருக்கா இல்லியா உங்களுக்கு?"

நீங்கள் இரண்டு பேரும் கண் முன்னால் வந்து போனீர்கள்.

அவர் புருஷனிடம் திரும்பினார். "ஊரணும்னு எழுதச் சொன்னேனே, சொன்னீங்களா இல்லியா? ரேஸ் புறப்படுற கோட்டுக்கிட்ட இஞ்ச் இஞ்ச்சா போறதுக்கு எனக்கு இருக்கிறது அந்த ஊர்றது ஒண்ணுதான். பிரேக்க விட்டு விட்டுப் பிடிச்சே கொண்டுபோய் நிறுத்துவேன். பதினோரு நாள்ல ரேஸ் நடத்துறவங்க சோதனை. கோட்டுல மூணு தடவ சரியா நிறுத்திக் காட்டலன்னா ஓடவே விட மாட்டாங்க. ஒரு விரக்கட தாண்டினாலும் போச்சு. அப்புறம், கால் இல்லாதவளுக்கு எதுக்கு ரேஸுன்னு சொன்னவங்க எல்லாம் சொன்னது சரியாப்போயிடும்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்து, "மறந்துட்டேன்போல இருக்கு" என்றார்.

கார் வந்து நின்றதைவிட அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. தேர் என்று நான் கிண்டல் செய்தபோது சிரித்துக்கொண்டு நின்ற மனிதர். இப்போது என் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நான் உள்ளே போய் மேசை டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து அந்தம்மா கையில் கொடுத்தேன்.

"அவரு சொன்னாரும்மா. நான்தான் அடிச்சிட்டேன்."

அடித்த கோட்டுக்குக் கீழே இருந்ததை அவர் முழுக்கப் படித்தார். "நேரா அடிச்சிருக்கீங்களேண்ணே. ஸ்கேல் வச்சா?"

அவர் கதவைப் பிடித்து இறங்கி, "நீங்க உக்காருங்க. வலது கால மடக்கிக்கோங்க" என்றார். முன்னால் யாரும் இல்லாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். வலது காலை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தேன். இருபது வருடமாக கன்வெர்ட்டர் வேலை செய்கிறவன், நாலடி நகர்த்தத் தெரியாமல் திணறினேன். மிதித்தேன், ஒன்றுமில்லை. மிதித்தேன், பாய்ந்தது. காலை மாற்றுவதற்குள் காலி எண்ணெய் டிரம் ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்தது. உள்ளாடை வரைக்கும் வியர்வை.

"இப்போ கேளுங்க உங்க கேள்விய" என்றார் அந்தம்மா.

எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டேன். கோட்டுக்கு எப்படி வருவீர்கள், கால் ஒரு மிதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது, வண்டி எந்த அளவுக்கு ஊர்ந்தால் கைக்கு அடங்கும். இறுக்கமாக வைத்தால் புறப்படும்போது கொஞ்சம் மந்தமாகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"கோட்டுல நிக்கவே விடலன்னா சீக்கிரம் கிளம்பி இன்னா பண்றது?" என்றார்.

இரண்டாயிரத்து நானூறு சுற்று என்று முடிவு செய்தோம். வேறு கன்வெர்ட்டர் வரவழைக்க நாள் இல்லை. அதனால் அதே உருண்டையை லேத்தில் ஏற்றி, சுற்றியிருந்த வெல்டிங்கை அறுத்துத் திறந்தேன். உள்ளே இருக்கும் இறகுகளை ஒவ்வொன்றாகச் சாய்வு மாற்றி, திரும்ப வெல்டு வைத்து, ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்து மாட்டினேன். ஒரு வாரம் ஆனது. அந்த வாரம்தான் நீங்கள், "அப்பா ஏன் பேசவே மாட்டேங்குது?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே வாசல். நான் பக்கவாட்டில், பத்தடி தள்ளி நின்றேன். பாய் டீ வாங்கி வந்திருந்தார். அந்தம்மா ஒரு பேப்பர் கப்பை வாங்கி அவரிடமே நீட்டி, "இத கொண்டுபோய் டயருக்கு நேரா ரோட்டுல வைங்க" என்றார்.

"டீயோடயா?"

"டீயோடதான்."

பிரேக்கை விட்டார். கார் ஊர்ந்தது. ஏற்றத்தில்கூட ஊர்ந்தது. பிடித்தார், நின்றது. விட்டார், ஊர்ந்தது. டயர் கப்பின் வயிற்றில் போய் ஒட்டி நின்றது. டீ ஒரு வட்டம் போட்டு அலம்பியது, வெளியே சிந்தவில்லை. நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு வண்டியை நிறுத்த முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

"ஆறிடும்ணே, எடுத்துக் குடிங்க" என்றார் கண்ணாடி வழியாக.

"வண்டிய அணைங்கம்மா, எடுக்கிறேன்" என்றேன். அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

சோதனை நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் பாய் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"நிறுத்திட்டாங்கண்ணே! மூணு தடவயும்! கோட்டு மேலயே! ஓட விட்டுட்டாங்க!"

"ஓட்டம் எப்படி பாய்? எவ்வளவு நேரம் வந்துச்சு?"

"அத நான் பாக்கலண்ணே. கண்ண மூடிக்கிட்டேன். இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்."