எங்கள் ஆளுக்காக வைத்திருந்த சீட்

இதை எழுத எத்தனையோ தடவை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டேன். எட்டாவதுதான் படித்தேன் என்பது காரணமில்லை. எங்கள் குழுப் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்திலேயே வருஷங்கள் போய்விட்டன.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து விளக்குப் பூஜைக் குழு வைத்திருந்தோம். ஒருத்தி வீட்டில் பிரசவம், சாவு என்றால் மற்றவர்கள் சமைத்துக் கொண்டுபோவோம். "மொதல்ல நம்ம ஆளு, அப்புறந்தான் ஊரு" என்பார் தலைவி அக்கா. அதனால்தான் குழு நிலைத்தது. அதை இன்றும் தப்பென்று சொல்லமாட்டேன்.

சுனாமி வந்த அன்று மார்கழித் திருவாதிரை. வேன் வைத்துக்கொண்டு சிதம்பரம் போயிருந்தோம். அபிஷேகம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கடலூரில் கடல் உள்ளே வந்துவிட்டது என்கிறார் டிரைவர். பஸ் எதுவும் போகவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவளும் கோயிலுக்கு வந்திருந்தாள். மார்கழியில் நாங்கள் மீன் வாங்குவதில்லை, அவளுக்கும் வேலையில்லை. வேனைப் பார்த்து ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ளைங்கள மாமியாகிட்ட உட்டுட்டு வந்தேன். வீடு கரையிலயே இருக்குது. ஒரு எடம் குடுங்கக்கா."

ஒரு சீட் காலியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் பிரிந்துபோன எங்கள் உறுப்பினருக்காக அதில் என் பையை வைத்திருந்தேன். அதற்குமேல் ஓர் ஆளைக்கூட ஏற்ற முடியாது என்றிருந்தார் டிரைவர்.

"எங்க ஆளு வந்துட்டா எறங்குவியா?" என்றார் தலைவி.

"எறங்கிடறேங்க்கா."

"அழுதுகிட்டே எறங்குவ. அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு? செத்த நில்லு, பாப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றவள் கடலூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

எங்கள் உறுப்பினர் வரவேயில்லை. சொந்தக்காரர் காரில் முன்னமே போயிருந்தார். அந்த சீட் காலியாகவே வந்தது. வழியெல்லாம் ஜன்னலில் தேடினேன். அவள் கண்ணில் படவில்லை.

மறுநாள்தான் அவள் வீடு போய்ச் சேர்ந்தாள். சின்னவனை முந்தின சாயங்காலமே மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்திருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடியே போயிருந்தா உசுரு வந்துருமா?" என்றார்கள் குழுவில். வராதுதான். ஆனால் பெற்றவள் முகம் பார்த்திருப்பாளே. அவள் எங்கள் தெருவுக்கு அப்புறம் வரவேயில்லை.

இப்போது குழுவில் இந்தப் பேச்சு வந்தால், அன்றைக்கு வேன் நிறைந்துவிட்டது என்கிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன், ஈசன் பொறுக்கட்டும். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். தலைவி அக்காவைக் கெட்டவராக்க வேண்டாம், என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். இடம் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.