ஹாரன் அடிக்காத ஊர்

சேலத்திலிருந்து சென்னைக்கு ஜவ்வரிசி லாரி ஓட்டுகிறேன். வழியில் சின்னசேலம் தாண்டியதும் சாலையோரமே என் வீடு. ஆனால், இறங்க நேரமிருக்காது. ஹாரன் அடித்தால் மனைவி சோற்றுத் தூக்கோடு ஓடிவருவாள். வண்டியை மெதுவாக உருட்டியபடியே வாங்கிக்கொள்வேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோதும் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டேன். அவள் சாலைக்கு வந்தாள். லாரிமேல் யாரோ வீசிய கல் அவள் காதை உரசிக்கொண்டு போய்த் தூக்கில் பட்டது. இறங்கி ஓடினேன்.

"எனுக்கு ஒண்ணுமில்லய்யா, உன் சோறுதான் போச்சு! இனிமே ஹாரன் அடிக்காத. நான் நல்லா இருந்தா உன் பச்சை லுங்கிய வேலியில போடறேன், பாத்துக்கினே போ."

இப்போதெல்லாம் கல்வராயன் மலை தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். லுங்கியைப் பார்த்த பிறகுதான் மூச்சு வருகிறது. கதவுக்குப் பின்னால் அவள் நிற்பாள். கை மட்டும் ஹாரன் வரை போய்த் திரும்புகிறது.